புயலுக்குப் பிறகு தோப்பை விசாரித்தவர்

எங்கள் மன்றத்தின் அந்தக் கமிட்டிக் கூட்டத்தில் இருந்தவர்கள் நாலு பேர். தலைவர், அவர் கண் டாக்டர். பொருளாளர் ஜெயம் மாமி, மந்தைவெளியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். எங்கள் செயலாளர். இளைஞர் பிரதிநிதி என்ற பேரில் நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். என் நண்பன் ஷாகுல் முறிந்த காலில் எடை கட்டித் தொங்கவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். ஏழுமலை, நாங்கள் முகாம் போட்ட கடலோரச் சவுக்குத் தோப்பின் காவல்காரர். அவரை யாரும் கூப்பிடவே இல்லை. ஆனால் பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான். அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லித் தோப்பு டிரஸ்டுக்கு எழுதுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய விஷயம். வேலை போனால் தோப்புக்குள் இருக்கிற குடிசையும் சேர்ந்து போகும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

நாளானால் கோபம் ஆறிவிடும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது எங்கள் செயலாளரைப் பற்றி. பெயர் வேண்டாம். மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தொண்ணூறுகளில் குடியிருந்தவர்களுக்குப் பெயர் இல்லாமலே தெரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையாது. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு குடை. பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை, அரைப்பரீட்சை லீவில், கூடாரம் போட்டுத் தங்க அழைத்துப்போகும் எங்கள் மன்றத்துக்கு அவர்தான் எல்லாம். மன்றத்துக் காசில் ஒரு காபி குடித்ததில்லை. முகாமுக்கு வந்தால் தன் பங்குப் பணத்தை மற்றவர்களைப் போல முன்னாலேயே கட்டிவிடுவார். நூலகத்தில் என்னைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்து, "எங்க மன்றத்துக்கு வாயேம்ப்பா, உன்னை மாதிரிப் பிள்ளைங்கதான் வேணும்" என்று கூப்பிட்டவரும் அவர்தான். அப்போது நந்தனத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா தி.நகரில் துணிக்கடை மூட்டைகளை ட்ரைசைக்கிளில் ஏற்றி மிதிப்பவர். எங்கள் சொந்தத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். முதல் தடவை செயலாளர் வீட்டுக்குப் போனபோது அவரே எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்காக யாரும் அதுவரை நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. அந்த நன்றி எனக்கு இப்போதும் உண்டு. அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் கோபப்படுகிறேன்.

அவருக்கு ஒரு வழக்கம். கேள்வி கேட்கும்போதே தலையை ஆட்டுவார். "சாப்பாடு நல்லாத்தானே இருந்தது?" என்பார், தலை மேலும் கீழும் போகும். "ஒண்ணும் சிரமம் இல்லையே?" என்பார், தலை இடதும் வலதும் போகும். கூடவே நம் தோளில் கை. முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு நம் பதிலுக்காகக் காத்திருக்கும், ஆனால் ஒரே ஒரு பதிலுக்காகத்தான். அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நம் தலையும் ஆட ஆரம்பித்துவிடும். "இல்லை சார்." அவ்வளவுதான். திருப்தியாகக் குடையைச் சரிசெய்துகொண்டு, "விசாரிச்சாச்சு" என்பார்.

விசாரிச்சாச்சு. அவர் அதிகம் உச்சரித்த சொல் அதுவாகத்தான் இருக்கும். ஹோட்டலில் சர்வரிடம், "இட்லி சூடாத்தானே இருக்கு?" என்று கேட்டு, ஆறிப்போன இட்லியைச் சந்தோஷமாகச் சாப்பிடுவார். எதிர்வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். போய்ப் பார்த்து, "வலி கிலி ஒண்ணும் இல்லையே?" என்றார். அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, "இல்லை, பரவாயில்லை" என்றார். வெளியே வந்ததும் எங்களிடம், "நல்லா இருக்கார், விசாரிச்சாச்சு" என்றார்.

அவருக்கு ஒரே மகள். மாப்பிள்ளை பார்த்தபோதும் இப்படித்தான் கேட்டாராம்: "பையனுக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாதே?" கேட்டது யாரிடம்? பையனின் சொந்தச் சித்தப்பாவிடம். நான் அந்த வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்த காலத்தில் மகள் வீட்டில்தான் இருந்தாள். கேட்டால், "லீவுக்கு வந்திருக்கா" என்பார். அந்த லீவு முடியவே இல்லை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள். அவர் அந்தப் பக்கம் போகும்போது, "போரடிக்கலையேம்மா?" என்பார். "இல்லப்பா" என்பாள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் புயல் அடித்தது. அடையாறு பக்கம் சாலை முழுக்க மரம். எங்கள் பக்கம் மரம் இல்லை, அதனால் கூரை போயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டு பறந்துபோய்த் தெருமுனையில் உடைந்து கிடந்தன. அம்மா வீட்டுக்குள் சட்டி, பானை, குடம் எல்லாவற்றையும் ஒழுகுகிற இடங்களில் வைத்துவிட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது செயலாளர் சைக்கிளில் வந்தார். அந்த மழையில், முழங்கால் தண்ணீரில், என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அதை மறக்கக்கூடாது. வாசலில் நின்று, வானம் தெரிகிற எங்கள் வீட்டைப் பார்த்தபடியே, "உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையேம்மா?" என்று தலையை இடதும் வலதும் ஆட்டினார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார்" என்றாள் அம்மா.

அவர் போனபிறகு நான் சத்தம் போட்டேன். "இன்னாம்மா நீ? கூரையே காணோம், ஒண்ணியும் இல்லன்ற?"

"இன்னா நைனா பண்றது? அந்தாளு தலய பாத்தியா நீ? அதுக்கு மேல எவ வாயத் தொறப்பா?" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு குடத்தை நகர்த்தி வைத்தாள்.

தண்ணீர் வடிந்தது, பள்ளிக்கூடங்கள் திறந்தன, அரைப்பரீட்சை லீவும் நெருங்கியது. வழக்கம்போல முகாம் பேச்சு வந்தது. தோப்பு மகாபலிபுரத்தைத் தாண்டி, கடலை ஒட்டி இருக்கிறது. அடையாறில் இருக்கும் ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். வருஷா வருஷம் அங்கேதான் போவோம். மாமி கமிட்டியில் கேட்டார்: "புயல் அந்தப் பக்கமெல்லாம் போட்டுப் புரட்டியிருக்காமே. இடம் எப்படி இருக்குன்னு யாராவது போய்ப் பாத்துட்டு வந்தாளா?"

நான் கையைத் தூக்கினேன். "நான் போயிட்டு வரேன் சார். அடையாறு டிப்போலேருந்து பஸ் இருக்கு. காலைல கிளம்பினா சாயங்காலம் இங்க இருப்பேன்."

செயலாளர் முகம் வாடிவிட்டது. என்னவோ நான் தகாத வார்த்தை சொன்னதுபோல.

"போய்ப் பாக்கறதாப்பா? டிரஸ்ட் சேர்மன் எவ்வளவு பெரிய மனுஷர். ஒரு பைசா வாங்காம வருஷா வருஷம் நமக்கு இடம் குடுக்கறார். நாம ஆள் அனுப்பி வேவு பாத்தோம்னு நாளைக்கு அவர் காதுல விழுந்தா என்ன நினைப்பார்? இடம் சரியில்லேன்னா அவரே சொல்லமாட்டாரா?"

"நம்ம பசங்கமேல நமக்கு அக்கறை இருக்குன்னு நினைப்பார் சார்."

சிரித்தார். தோளில் தட்டினார். "நீ நல்ல பையன். ஆனா எடுத்த எடுப்புல சந்தேகப்படக் கூடாது. நான் விசாரிக்கிறேன்."

போய்ப் பார்ப்பது அவமரியாதை. இதை அவர் மட்டும் நம்பவில்லை. தலைவரும் தலையாட்டினார். இலவசமாகக் கிடைக்கிற இடத்துக்கு நன்றிக்கடன் அதைப் பரிசோதிக்காமல் இருப்பது என்று அந்த அறையில் எல்லோருக்கும் எப்படியோ தோன்றிவிட்டது. மாமி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

விசாரித்தது லஸ் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தோப்புக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே போன் இருந்தது. முதலில் ஒரு தடவை போட்டு, ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டு வெளியே நின்றோம். பிறகு மறுபடி போட்டார். கண்ணாடிக் கதவுக்குள் இரண்டு பேர் நிற்க இடம் இல்லை, ஒட்டிக்கொண்டு நின்றேன். ஏழுமலை, தூரத்து ஆளிடம் பேசுகிறோம் என்று கத்திப் பேசுகிறவர். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

"ஏழுமலையா? மெட்ராஸ்லேருந்து செக்ரட்டரி பேசறேம்ப்பா. சௌக்கியமா? புயல்ல உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நாங்க கீறோம் ஐயா. கெணத்துலதான்—"

"கிணத்துல தண்ணி இருக்குல்ல?"

"தண்ணி இருக்குதுங்க, ஆனா அது வந்து—"

"இருக்குல்ல, அது போதும். மரமெல்லாம் நிக்குதில்ல?"

"நிக்குதுங்க ஐயா, கெழக்கால பக்கந்தான் கொஞ்சம்—"

"நிக்குது. சந்தோஷம். நாங்க லீவுக்கு வர்றதுல உனக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"அய்யோ, எனக்கு இன்னாங்க சிரமம். வாங்க ஐயா."

"அப்ப எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

ஒரு நொடி. கடல் காற்றா, லைன் கோளாறா, ஒரு இரைச்சல். பிறகு, "நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா."

போனை வைத்தார். மீட்டரில் சிவப்பு எண்கள் நின்றன. போனில் பேசும்போதும் அவர் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆட்டம் கம்பி வழியாக டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

"சார், அவர் ஏதோ சொல்ல வந்தார்."

"என்ன வந்தார்? கடைசில என்ன சொன்னான், கேட்டியா இல்லையா? விசாரிச்சாச்சுப்பா."

லீவு வந்தது. வேன் தோப்பின் வாசலில் நின்றபோது முதலில் இறங்கியவன் ஷாகுல். அவன் என் வகுப்புத் தோழன். அவன் அத்தா பஜார் ரோட்டில் தார்ப்பாய், கூடாரம், ஷாமியானா தைத்து வாடகைக்கு விடுபவர். எங்கள் மன்றத்துக் கூடாரங்கள் அவருடையவை. அவற்றைக் கட்டி அவிழ்ப்பதற்கு ஷாகுல் கூட வருவான், சம்பளத்துக்கு இல்லை, எங்களோடு இருக்கலாம் என்று. இறங்கிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தான்.

"இன்னா மச்சி, தோப்பா இது? பல்லு ஒடஞ்ச சீப்பு மாறி கீது."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கக்கூஸ் கூரை கிணற்றுக்குள் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தேன், உப்பு. மேற்கே பள்ளத்தில் மழைத் தண்ணீர் வடியாமல் பச்சை பிடித்துக் கிடந்தது. காய்ந்த மணல் கிழக்கே மட்டும்தான். அங்கே மரங்கள் நின்றன, செயலாளர் கேட்டது சரிதான், நின்றன. வேர் மண்ணுக்கு வெளியே தெரிய, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பஸ்ஸில் நிற்க இடமில்லாதவர்கள் மாதிரி நின்றன. அது ஆபத்து என்று தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

ஏழுமலை துண்டை இடுப்பில் கட்டியபடி ஓடிவந்தார். "ஐயா, இந்தாண்ட கூடாரம் வேணாங்க. வேரு விட்டுப் போச்சு. ஊருக்குள்ள பள்ளிக்கூடம் லீவுதான், வராண்டாவுல தங்கிக்கலாம். தலைமை வாத்தியார்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

கேட்டு வைத்திருந்தார்! போனில் சொல்ல விடாததால், நாங்கள் வருவதற்குள் தானே போய் மாற்று இடம் கேட்டு வைத்திருந்தார். நான் பையை வேனிலிருந்து இறக்காமல் நின்றேன்.

செயலாளர் அவரை வருத்தமாகப் பார்த்தார். "ஏம்ப்பா, நீதானே போன்ல எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னே?"

"சொன்னேங்க."

"அப்புறம்?"

ஏழுமலை மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், வராண்டாவுக்கே போயிடலாம் சார்" என்றேன்.

"பசங்க கூடாரத்துல தூங்கணும்னு ஒரு வருஷமாக் காத்துண்டிருக்காங்கப்பா. வராண்டாவுல தூங்கறதுக்கா இவ்வளவு தூரம்? பயமுறுத்தாதே. என் கூடாரத்தை அந்த ஓரத்துல போடு, போதுமா? மரம் விழுந்தா என்மேல விழட்டும்."

அப்படித்தான் போட்டோம். சாய்ந்த மரங்களுக்கு மிக அருகில் இருந்தது அவருடைய கூடாரம்தான். அதையும் சொல்லவேண்டும். அவர் பிறரை அனுப்பிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கிறவர் இல்லை. அவர் நிஜமாகவே நம்பினார். அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், அவர் அப்படி விரும்பினார் என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

மறுநாள் மத்தியானம் செயலாளர் பிள்ளைகளோடு கடலோரத்தில் இருந்தார். காற்று கொஞ்சம் தூக்கிற்று. புயல் இல்லை, மழைகூட இல்லை, மார்கழிக் காற்று. "அந்தாளு கூடாரம் பிச்சிக்கினு போவப் போவுது" என்று சொல்லிவிட்டு ஷாகுல் கயிற்றை இறுக்கிக் கட்டப் போனான். நான் சோற்றுப் பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மரம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. மணலில் வேர் விட்ட மரம் முறியாது, படுத்துக்கொள்ளும். ஷாகுல் கத்தியதுதான் கேட்டது.

ஏழுமலையும் அவர் மனைவியும் அரிவாளோடு வந்து கிளைகளை வெட்டித் தள்ளினார்கள். தன் குடிசையிலிருந்த கயிற்றுக் கட்டிலை ஏழுமலை கொண்டுவந்தார். அதில் படுக்கவைத்து வேனுக்குத் தூக்கினோம். தொடைக்குக் கீழே கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை.

பட்டணம் வரைக்கும் ஷாகுலின் தலை செயலாளர் மடியில் இருந்தது. வெள்ளைச் சட்டை முழுக்க மணல். அவன் நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். திருவான்மியூர் தாண்டும்போது குனிந்து, "வலி ரொம்ப ஒண்ணும் இல்லையேப்பா?" என்றார். தலை இடதும் வலதும் ஆடிற்று.

உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது அவனுக்கு. "இல்ல சார்" என்றான்.

"பாத்தியா, என்ன தைரியம்" என்றார் என்னிடம்.

அந்த வேனிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொஞ்சம் தெளிந்தபிறகு கேட்டேன்: "ஏண்டா இல்லன்னு சொன்னே? வலியில செத்துக்கினு இருந்தியே!"

"அந்தாளு மொகத்த பாத்தியா மச்சி? வலிக்குதுன்னு சொல்லியிருந்தா அவரு அழுதுட்டிருப்பாரு. அப்பறம் அவர யாரு சமாதானம் பண்றது?"

இதுதான் எனக்குப் புரியாத அநியாயம். எலும்பு முறிந்தவன் முறியாதவரைத் தாங்கவேண்டும். கூரை போனவள் கூரை உள்ளவருக்கு ஆறுதல் சொல்லவேண்டும். ஊரில் அத்தனை பேரும் சேர்ந்து ஒருவரைக் கெட்ட சேதியிலிருந்து காப்பாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அப்படிக் காப்பாற்றியதற்குக் கூலியாக ஏழுமலைக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் அந்தக் கூட்டத்தில் பார்த்தேன்.

செயலாளர் எழுந்து நின்று பேசினார். குரல் தழுதழுத்தது, நடிப்பு இல்லை. "நான் விசாரிக்காம ஒருத்தரையும் கூட்டிண்டு போகலை. காவல்காரன் என்கிட்ட எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னான். சொல்லிட்டு, நேர்ல போனதும் மாத்திப் பேசறான். இப்படிப் பொறுப்பில்லாத ஆளை வச்சிருந்தா நாளைக்கு இன்னொரு மன்றத்துப் பிள்ளைக்கும் இதே கதிதான். டிரஸ்டுக்குத் தெரிவிக்க வேண்டியது நம்ம கடமை."

நான் எழுந்தேன். பூத்தில் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். கிணறு என்று ஆரம்பித்ததை, கிழக்கால என்று ஆரம்பித்ததை, ஒவ்வொன்றும் எங்கே வெட்டப்பட்டது என்பதை. பள்ளிக்கூட வராண்டாவையும் சொன்னேன்.

தலைவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிப்பா. ஒரே கேள்வி. அந்த ஆள் 'நல்லா இருக்கு'ன்னு சொன்னானா இல்லையா?" என்றார்.

"சொன்னார் சார். ஆனா அதுக்கு முன்னால—"

"சொன்னான் இல்லையா?"

"சொன்னார். ஆனா அவரை—"

"அவ்வளவுதாம்ப்பா. உட்காரு."

உட்காரவில்லை. "இப்ப என்னை எப்படிக் கேட்டீங்களோ அப்படித்தான் சார் அவரையும் கேட்டாரு" என்றேன். தலைவருக்கு முகம் சிவந்தது. செயலாளர் கோபப்படவில்லை. அடிபட்டவர்போல என்னைப் பார்த்தார். "உன்னை நான் வேத்து ஆளா நினைக்கலையேப்பா" என்றார். அதற்கும் தலை ஆடிற்று. முதல் தடவையாக நான் பதிலுக்குத் தலையாட்டவில்லை.

மாமி மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பையன் போய்ப் பாத்துட்டு வரேன்னு அன்னிக்கே சொன்னான். நீங்கதானே வேண்டாம்னேள்? அதை எந்தக் கடுதாசியில எழுதப் போறேள்?"

காபி ஆறியது. பிறகு, கடிதம் எழுதலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பிரதிநிதிக்கு ஓட்டு கிடையாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டுக்கு ஒன்று. கடிதம் போயிற்று. பொங்கலுக்குள் ஏழுமலையின் குடிசையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். டிரஸ்டும் யாரையும் அனுப்பி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் மன்றத்துக்குப் போவதை விட்டேன். செயலாளர் தெருவில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, "கோபம் ஒண்ணும் இல்லையே?" என்பார். "இருக்கு சார்" என்பேன். காதில் விழாததுபோல, "படிப்பு நல்லாப் போகுதில்ல?" என்று அடுத்ததற்குப் போய்விடுவார்.

ஏழுமலை ஆஸ்பத்திரிக்கு நாலைந்து தடவை வந்தார். வேலை போனபிறகும் வந்தார். கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, "பாய், நான் போன்லயே கத்திச் சொல்லியிருக்கணும்" என்று ஷாகுலின் அத்தாவிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். பாய் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக்கொடுப்பார். நான் பார்த்தவரையில் அந்த விபத்துக்காக மனம் உடைந்து மன்னிப்பு மாதிரி ஒன்றைச் சொன்னவர் அந்த ஒருத்தர்தான்.

ஷாகுலுக்கு இரண்டு தடவை ஆபரேஷன். கால் வந்தது, ஆனால் குட்டையாக வந்தது. பரீட்சை எழுதவில்லை. கடையில் உட்கார ஆரம்பித்தான். சாயங்காலங்களில் நானும் போய் உட்காருவேன்.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம், கடை வாசலில் அந்த சைக்கிள் வந்து நின்றது. குடையைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார். அரைப்பரீட்சை லீவுக்குக் கூடாரம் சொல்லிவைக்க வந்திருந்தார்! எனக்குக் காது சூடாகிவிட்டது. ஷாகுல் என் முழங்காலை மேஜைக்கடியில் அழுத்தினான், சும்மா இரு என்று.

"வாங்க சார்" என்றார் பாய், தார்ப்பாயிலிருந்து ஊசியை எடுக்காமல்.

"என்ன பாய், சௌக்கியம்தானே? பையன் நல்லா நடக்கிறானில்ல?"

பாய் நூலைக் கடித்தார். "இல்ல சார். நொண்டுறான்."

செயலாளரின் தலை ஆட்டத்தின் நடுவில் நின்றது. சிரிப்பு மட்டும் இருந்தது, எங்கே போவதென்று தெரியாமல். "ஆனா... கடையெல்லாம் ஒண்ணும் குறை இல்லையே?"

"இருக்கு சார். தையல் மிஷின் ரெண்டு இருந்திச்சு, கால் வைத்தியத்துக்கு ஒண்ண வித்துட்டேன். நீங்க நிக்கிறீங்களே, அந்த எடத்துலதான் இருந்திச்சு."

அவர் கீழே பார்த்தார். சிமெண்டுத் தரையில் மிஷின் கால் இருந்த நாலு துரு வட்டங்கள். ஒதுங்கி நின்றார். ஷாகுல் அத்தாவைப் பார்த்தான். பாய் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கோபம் இல்லை. கேட்டார், சொன்னார், அவ்வளவுதான். இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தவரின் காதில் உள்ளது உள்ளபடி விழுந்தது அன்றைக்குத்தான்.

செயலாளர் குடையை மறு கைக்கு மாற்றினார். சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டார். வெளியே பஜார் ரோட்டில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. கடைசியில், தலை ஆடாமல், மிகச் சின்னக் குரலில் கேட்டார்:

"மொத்தம் எவ்வளவு ஆச்சு பாய்?"

பாய் தார்ப்பாயை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "பையன் காலுக்குப் பதினெட்டாயிரம் ஆச்சு சார். அப்பறம் ஏழுமலைக்கு வேற எடத்துல குடிச போட்டுக் குடுத்தேன், மூங்கிலு, ஓலை, ஆள் கூலி, அது ஒரு மூவாயிரத்து ஐந்நூறு."

எனக்கும் ஷாகுலுக்கும் அந்தக் குடிசைச் சேதி அதுவரை தெரியாது. பாய் எங்களைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சேத்து இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபா, சார்."